மைக் பிடித்தவன்



போன மாதம் லண்டனிலிருந்து பேரன் வந்திருந்தான். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, நடராஜரைப் பார்க்கக் காரில் கிளம்பினோம். வண்டியில் அவன் ஒரு பாட்டைப் போட, ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் எனக்குத் தலை கனத்துவிட்டது. "என்னடா இது?" என்றேன். "ஜங்கிள், தாத்தா. இதுதான் அப்புறம் டிரம் அண்ட் பேஸ்னு ஆச்சு" என்றான்.

மேளம் தறிகெட்டு ஓடுகிறது. அதன்மேல் ஒருவர் மூச்சு விடாமல் பேசுகிறார். பாடகர் என்று நினைத்தேன். இல்லையாம், அவர் எம்.சி.யாம். இசைத்தட்டைச் சுழற்றுபவர் டி.ஜே.; மைக்கைப் பிடித்துக் கூட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் எம்.சி. 1990களில் லண்டனில் விடிய விடிய நடந்த ஆட்டங்களை அப்படியே பதிவு செய்து, கேசட்டுகளாகக் கட்டி விற்பார்களாம். அதில் ஒன்றைத்தான் பேரன் போட்டிருந்தான்.

கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 170 தட்டுக்குக் கிட்டே வந்தது. ஆனால் அடியில் உறுமும் பேஸ் அதில் பாதி வேகத்தில், 85 போல நிதானமாக நடக்கிறது. நம் இசையில் கீழ்க்காலம், மேல்காலம் என்பார்களே, அது மாதிரி. அந்த மனிதர் ஒருசமயம் மேளத்தோடு ஓடுகிறார், ஒருசமயம் பேஸோடு நடக்கிறார். ஒரு தட்டு பிசகவில்லை. கூட்டத்துக்கு ஒரு இடம் பிடித்துவிட்டால் கத்துவார்களாம், எம்.சி. சொன்னதும் டி.ஜே. தட்டைப் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து போடுவார். நம் நாடகக் கொட்டகை ஒன்ஸ்மோர்தான், வேறென்ன!

இதன் வேர் ஜமைக்கா என்றான் பேரன். 1950களில் கிங்ஸ்டன் தெருக்களில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி இசைத்தட்டு போடும்போது, கவுண்ட் மச்சுக்கி என்பவர் மைக்கில் இடையிடையே பேசத் தொடங்கினாராம். அங்கிருந்து பிழைக்கப் போன குடும்பங்களோடு அந்தப் பழக்கமும் இங்கிலாந்துக்குப் போனது. 1994இல் ஜெனரல் லெவி குரல் கொடுத்த 'இன்கிரெடிபிள்' அங்கே முதல் பத்துக்குள் வந்த பாட்டு. ஸ்டீவி ஹைப்பர் டி 1998இல் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஸ்கிபடீ 2022இல். எனக்குப் பிடித்தவர் கான்ராட். அவரும் 2024இல் காலமாகிவிட்டார். அதிகம் பேச மாட்டார். இசை பேசும்போது ஒதுங்கி நின்று, இடம் பார்த்து இரண்டு வார்த்தை. எம்.சி.க்கள் பேசிப் பேசியே இசையைக் கெடுக்கிறார்கள் என்று அங்கேயும் சண்டை உண்டாம். நம் ஊர்க் கல்யாணக் கச்சேரி அறிவிப்பாளர்களை நினைத்துக்கொண்டேன்.

பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. "டேய், இது நம்ம கட்டியங்காரன்டா!"

திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கும். யார் நீ, எந்த தேசம் என்று கேட்டு, அவரை நமக்கு அறிமுகப்படுத்துபவன் கட்டியங்காரன்தான். மிருதங்கம், முகவீணைச் சத்தத்துக்கு நடுவே குரல் எழுப்பி, நடுநிசியில் தூங்கி விழுபவனைக் கேலி பேசி எழுப்பி, தலைவர் வீட்டு மாட்டையும் கதைக்குள் இழுத்து, விடியும்வரை கூட்டத்தைக் கலையவிடாமல் காப்பவன் அவன். காலையில் எல்லோரும் பேசுவது துரியோதனன் வேஷத்தைப் பற்றி.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1988இல் என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா கட்டியங்காரன் வேஷம் கட்டுபவர். ஆண்டு விழாவன்று சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாக, கூட்டம் எழுந்திருக்கத் தொடங்கியது. யாரும் சொல்லாமலே இவன் மைக்கை எடுத்தான். பெஞ்சில் ஒருத்தன் தட்ட, அரை மணி நேரம் பேச்சும் பாட்டுமாக ஊரையே உட்காரவைத்தான். பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். என் சிடுமூஞ்சி நடையையும் செய்து காட்டினான்.

நான் மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன். "உங்கப்பன் மாதிரி கோமாளியாத்தான் ஆகப் போறியா?" என்றேன். மைக் அணைக்கப்படவில்லை. அவன் அப்பா கடைசி வரிசையில் நின்றிருந்தார்.

மறுநாளும் பையன் பள்ளிக்கு வந்தான். பத்தாவதும் முடித்தான். ஆனால் அதன் பிறகு வகுப்பில் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் வாய் திறந்தான். அதை அடக்கம் என்று அவன் ரிப்போர்ட்டில் எழுதினேன்.

காரில் இதைச் சொன்னபோது பேரன் பாட்டை நிறுத்திவிட்டான். "நிறுத்தாதடா, போடு" என்றேன்.

அவனுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். அந்த விழாவில் இருந்த உங்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயரை இங்கே எழுத வேண்டாம். அவனோடு தொடர்பில் இருப்பவர்கள் வாத்தியார் விசாரித்தார் என்று சொல்லுங்கள். அவன் அப்பா இருந்தால் அவரையும் பார்க்க வேண்டும். என் எண் பழைய எண்தான்.