மூணு சீட்டும் எங்க ஊர் குணுக்கும்

தீபாவளி வந்தால் இங்கே வட இந்திய நண்பர்கள் வீட்டுப் பார்ட்டிகளில் தீன் பத்தி கட்டாயம் உண்டு. நம்மூர் மூணு சீட்டேதான். "அப்பா, இது நம்ம டிரெடிஷனாமே! நானும் இருபது டாலர் போட்டு ஆடட்டுமா?" என்கிறான் ஒன்பதாவது படிக்கும் பையன்.

டிரெடிஷனாவது ஒண்ணாவது! இதன் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே பெயர் பிராக், போக்கருக்கு உறவுக்காரன். சீட்டாட்ட விதிகளுக்குப் பேர்போன எட்மண்ட் ஹாயில் 1751-லேயே பிராக் பற்றிச் சின்னப் புத்தகம் போட்டிருக்கிறார். வெள்ளைக்காரனோடு நம் பக்கம் வந்து கொஞ்சம் மாறியது. அங்கே மூணு மூன்று வந்தால் ராஜா, இங்கே மூணு ஏஸ். சீட்டைப் பார்க்காமல் 'பிளைண்ட்' ஆடுபவர் பாதிப் பணம் கட்டினால் போதும் என்பது இரண்டிலும் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 52 சீட்டில் மூன்று எடுக்க 22,100 வழி. அதில் 16,440-ல் ஒரு ஜோடிகூட இருக்காது. அதாவது, நாலில் மூன்று தடவை கையில் ஒன்றுமில்லை. சீட்டை மாற்றவும் முடியாது. மிச்சம் இருப்பது பணத்தை ஏற்றி எதிராளியைப் பயமுறுத்துவதுதான். சின்ன வயதில், சாலைக் கடைத்தெருவில் ஒருவர் இப்படி ஏற்றி ஏற்றியே கடையை விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

1967-ல் ஆந்திர ரம்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைச் சொன்னது. ரம்மியில் விழுந்த சீட்டை ஞாபகம் வைக்கணும், எதை விடுவது என்று யோசிக்கணும், அதனால் திறமை. ஃபிளஷ், பிராக் என்று அழைக்கப்படும் மூணு சீட்டு சுத்த அதிர்ஷ்டம். ஆனால் திறமை என்பதால் மட்டும் பர்ஸ் தப்பிக்கவில்லை. ஆன்லைன் ரம்மியில் பலர் கடனாளியாக, கேரள அரசு 2021 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்றது.

திருவனந்தபுரத்தில், கரமனை வீட்டுத் திண்ணையில் நாங்கள் ஆடியது இருபத்தெட்டு. ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நாலு இனமும் சேர்த்தால் 28. ஏலம் கேட்கணும், துருப்பை ஒளிக்கணும், எதிரே உட்கார்ந்த கூட்டாளியின் மனசைப் படிக்கணும். பணம் கிடையாது. தோற்ற கட்சி காதில் குணுக்கு மாட்டணும். தின்கிற குணுக்கு இல்லை சாமி, பிளந்த ஈர்க்குச்சி! அதோடு காப்பி வாங்கிவரக் கடைக்கும் அனுப்புவார்கள். தெருவே சிரிக்கும்.

அதனால் பையனுக்கு இருபது டாலர் கிடையாது என்றேன். இருபத்தெட்டு கற்றுத்தருகிறேன் என்றேன். "தோத்தா என்ன போகும்?" என்றான்.

மானம் போகும்டா. ஆனால் அது அடுத்த ஆட்டத்திலேயே திரும்ப வந்துவிடும்.