புத்தகங்கள் குடியிருக்கும் ஊர்

மகாபலேஷ்வர் போய் வந்தவர்களைக் கேட்டால் கிருஷ்ணா நதி பிறக்கும் பழைய கோயிலைச் சொல்வார்கள், வெண்ணா ஏரியில் படகில் போனதைச் சொல்வார்கள், ஸ்ட்ராபெரி க்ரீமைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அதே பாதையில், பஞ்ச்கனியைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டரில் பிலார் என்று ஒரு சின்ன கிராமம் இருக்கிறது. அங்கே ஏரியும் இல்லை, பெரிய கோயிலும் இல்லை. ஆனால் எந்த வீட்டுத் திண்ணையில் ஏறினாலும் புத்தக அலமாரி நம்மை வரவேற்கும்!

புனேயில் இருபது வருஷமாகக் குடித்தனம் செய்யும் என் தங்கைதான் அழைத்துப் போனாள். "அக்கா, நீ மாவு அரைக்கும்போதுகூட கையில் பத்திரிகை வைத்திருப்பவள். உனக்கு இந்த ஊர் பிடிக்கும்" என்றாள். புனேயிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வாயி என்ற ஊரில் கிருஷ்ணைக் கரையில் பெரிய பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, பசரணி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினோம். மேலே போகப் போக இரண்டு பக்கமும் ஸ்ட்ராபெரி பாத்திகள்.

வீட்டுக்கு ஒரு வகை

பிலாரை 'புஸ்தகாஞ்ச காவ்', அதாவது புத்தகங்களின் ஊர் என்று மகாராஷ்டிர அரசு 2017 மே 4 அன்று தொடங்கி வைத்தது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஹே-ஆன்-வை என்று ஓர் ஊர்; தெருவெல்லாம் பழைய புத்தகக் கடைகள். அதைப் பார்த்து எழுந்த யோசனை இது. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அங்கே புத்தகம் விற்கிறார்கள். பிலாரில் விற்பனையே கிடையாது. உட்கார்ந்து எத்தனை நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம். கட்டணமும் இல்லை.

ஆரம்பத்தில் இருபத்தைந்து இடங்களில் சுமார் 15,000 மராத்திப் புத்தகங்களை வைத்தார்கள். வீடு, கோயில், பள்ளிக்கூடம், தங்கும் விடுதி என்று கலந்து கட்டி. ஒரு வீட்டில் நாவல், அடுத்த வீட்டில் கவிதை, இன்னொன்றில் சரித்திரம், கோட்டைகள், மகான்களின் பாடல்கள், குழந்தைக் கதைகள். வாசல் சுவரில் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எனக்கு மராத்தி வராது. ஆனால் ஒரே ஒரு கேள்வியைத் தங்கையிடம் கற்றுக்கொண்டு போகிற வீடெல்லாம் கேட்டேன்: "இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" இதைக் கேட்டதும் முகம் மலராதவர் அங்கே ஒருவர்கூட இல்லை!

ஒரு திண்ணையில் குல்லாய் போட்ட பெரியவர் சிவாஜி சாவந்தின் 'மிருத்யுஞ்ஜய்' நாவலைக் காட்டினார். 1967-ல் வந்த கர்ணன் கதை. மூன்றாவது தடவையாகப் படிக்கிறாராம். "கர்ணன் சாகப்போகிறான் என்று தெரியும். இருந்தாலும் இந்தத் தடவையாவது தப்பிப்பானா என்று பார்க்கிறேன்" என்று சிரித்தார். நான் காண்டேகர் பெயரைச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியம். கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் தமிழ் மொழிபெயர்ப்பில் 'யயாதி'யையும் 'கிரௌஞ்ச வத'த்தையும் எங்கள் வீடுகளில் பாட்டி, அம்மா என்று கைமாற்றிப் படித்ததைத் தங்கை எடுத்துச் சொன்னாள். "எங்கள் காண்டேகர் அவ்வளவு தூரம் வந்தாரா!" என்று டீ கொடுத்துத்தான் அனுப்பினார்.

அடுத்த வீட்டில் ஒரு பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேத்தி பகிணாபாய் சௌதரியின் பாட்டுகளைப் படிக்க, பாட்டி கேட்பாராம். பகிணாபாயும் எழுத்தறியாதவர்தான். வயலிலும் எந்திரக்கல் முன்பும் பாடியதை அவர் மகன் எழுதி வைத்தார். 1951-ல் அவர் காலமாகி, அடுத்த வருஷம்தான் புத்தகமே வந்தது. "நான் காதால் படிக்கிறேன்" என்றார் பாட்டி.

சமையலறையிலிருந்து

மத்தியானச் சாப்பாடு ஒரு வீட்டில் சொல்லியிருந்தோம். சோள பாக்ரி, கடலை மாவுப் பிட்லா, பச்சை மிளகாய்த் தேச்சா. முன் அறையில் அலமாரி நிறைய தன்வரலாறுகள். மும்பையிலிருந்து வந்த நாலைந்து பேர் சாய்ந்து உட்கார்ந்து சுகமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் அடுப்படியில் பாக்ரி தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மனசுக்குள் ஒரு உறுத்தல். ஊரார் படிக்க வீட்டைத் திறந்துவிட்ட இந்த அம்மாளுக்குப் படிக்க எப்போது நேரம்?

சாப்பாடு முடிந்து அவர் உட்கார்ந்ததும் என் கேள்வியைக் கேட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். லக்ஷ்மிபாய் திலக்கின் 'ஸ்ம்ருதிசித்ரே'. கல்யாணத்துக்குப் பிறகே படிக்கக் கற்ற ஒரு பெண்மணி 1930-களில் எழுதிய சொந்தக் கதை.

"ராத்திரி பாத்திரம் கழுவினதும் இரண்டு பக்கம். அதுக்கு மேலே தூக்கம் வந்துடும், தாயீ" என்றார். மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா. என் காதுக்கு நம் தென்பாண்டிச் சீமைக் கூப்பிடு போலவே இருந்தது.

பிறகு அவர் சொன்னதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஏழாவதோடு படிப்பு நின்றது. முப்பது வருஷம் புத்தகம் தொடவில்லை. வீட்டுக்குப் புத்தகங்கள் வந்த புதிதில் ஆசையாக ஒன்றைப் பிரித்தால், எழுத்தெல்லாம் நீந்துகிறது. 'சரி, படிப்பு மறந்து போச்சு' என்று மூடி வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, வெட்கம். இரண்டு வருஷம் கழித்து ஒரு கண் பரிசோதனை முகாமில்தான் தெரிந்தது. மறந்தது படிப்பு இல்லை, வந்தது வெள்ளெழுத்து! கண்ணாடி போட்ட அன்று ஒரு முழுப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தாராம். வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்களாம்.

நாற்பது வயதைத் தொட்டதும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய், கிட்டத்துப் பார்வை குறைவது எல்லோருக்கும் வரும். இது நோய் அல்ல. பரிசோதித்துச் சரியான கண்ணாடி போட்டால் போதும். 'இப்பல்லாம் படிக்கவே பிடிக்கறதில்லை', 'புத்தகம் எடுத்தாலே தலைவலி' என்று சொல்லும் நம் அம்மாவும் மாமியாரும் எத்தனை பேர்! அவர்களுக்குப் பிடிக்காமல் போனது புத்தகம்தானா என்று ஒரு தடவை கண் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சாவித்திரிபாயின் ஜில்லா

பிலார் இருப்பது சாத்தாரா ஜில்லாவில். இதே ஜில்லாவில் நாய்காவ் கிராமத்தில் 1831-ல் பிறந்தவர்தான் சாவித்திரிபாய் ஃபுலே. ஒன்பது வயதில் கல்யாணம். கணவர் ஜோதிராவ் எழுத்து கற்றுத் தந்தார். 1848-ல் இருவரும் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பாடம் நடத்தப் போகும் வழியில் சாணியும் சேறும் வீசினார்களாம். மாற்றிக்கொள்ள இன்னொரு சேலையைக் கையோடு எடுத்துப் போவாராம். அந்த மண்ணில் ஓர் அம்மாள் தன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு ராத்திரிக்கு இரண்டு பக்கம் படிக்கிறார். இரண்டு பக்கம்தானே என்று எனக்குத் தோன்றவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போனால் ஸ்ட்ராபெரியும் உண்டு, குளிரும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த மலையில் கொட்டோ கொட்டென்று மழை கொட்டும், தவிர்ப்பது நல்லது. தங்கவும் சாப்பிடவும் வீடுகளிலேயே வசதி உண்டு, முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். படிக்கும் இடம் குடும்பம் நடத்தும் வீடு என்பதால் செருப்பை வெளியே விட்டு, சத்தமில்லாமல் இருக்க வேண்டும். படித்த புத்தகத்தை எடுத்த தட்டிலேயே வையுங்கள். மராத்தி தெரியாதவர்கள் தங்கள் புத்தகம் ஒன்றைக் கொண்டு போனால் திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம். யாராவது அது என்ன கதை என்று நிச்சயம் கேட்பார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் பாதகமில்லை. அக்கம்பக்கத்தில் நாலு பெண்கள் சேர்ந்து ஆளுக்குப் பத்துப் புத்தகத்தை ஒரு வீட்டுக் கூடத்தில் வைத்தால் போதும். மாலையில் காய்கறி வாங்கும்போது, "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேட்பதோடு, "இப்போ என்ன படிக்கிறீங்க?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்!