மே மாதத்தில் இரண்டு வாரம்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இங்கேதான் இருக்கிறது. குழந்தை வரம் வேண்டி வரும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து, மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். காலையில் முளை விட்டிருந்தால் மரகதவல்லித் தாயார் வரம் தந்துவிட்டார் என்பது நம்பிக்கை. விதைப் பரிசோதனை நிலையத்தில் கேட்டால் வேறு பதில் சொல்வார்கள், அது இருக்கட்டும்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இராமானுஜர் இளம் வயதில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட இடம் இது. 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் அவர். தந்தை மறைந்த பிறகு குடும்பமே காஞ்சிக்குக் குடிபெயர்ந்தது. ஆசிரியர் சொன்ன பொருளை ஏற்காமல் மாணவர் வேறு பொருள் சொன்னார். அது பகையாக முற்றி, காசி யாத்திரை என்று அழைத்துப்போய் வழியில் தீர்த்துவிடத் திட்டம் போட்டார்கள் என்றும், உடன் படித்த சித்தி மகன் கோவிந்தர் ரகசியமாகச் சொல்லித் தப்பவைத்தார் என்றும் குருபரம்பரைக் கதை சொல்கிறது. படிப்பில் முந்தி நின்ற ஒரு பிள்ளைக்காக உறவு காவல் நின்ற கதை அது.

இன்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக வீட்டாரிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரிதல்ல. மே மாதத்தில் இரண்டு வாரம், அவ்வளவுதான்.

இஸ்ரோ நடத்தும் 'யுவிகா' என்ற கோடை முகாமைப் பற்றிய பேச்சு இது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கானது. 2019-ல் தொடங்கியது. முதல் ஆண்டு மாநிலத்துக்கு மூன்று பேர் என்று எடுத்தார்கள். கொரோனாவால் இரண்டு ஆண்டு நடக்கவில்லை. 2022-ல் நாடு முழுவதும் 150 பேர். பிறகு அது 300-ஐத் தாண்டியது. ஸ்ரீஹரிகோட்டா, திருவனந்தபுரம், பெங்களூரு என்று இஸ்ரோவின் மையங்களிலேயே தங்கவைத்து, விஞ்ஞானிகளோடு பேசவிட்டு, ஆய்வகங்களைச் சுற்றிக்காட்டி, மாதிரி ராக்கெட் செய்யவும் சொல்லித் தருகிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, மாணவரின் பயணச் செலவு எல்லாம் இஸ்ரோவுடையது. கொண்டுவந்து விட்டு, திரும்ப அழைத்துப்போக வரும் ஒருவருக்கும் பயணச் செலவு உண்டு.

இடம் குறைவு, போட்டி அதிகம் என்பது உண்மைதான். ஆனால் தேர்வு செய்யும் முறையைக் கிராமத்துப் பெற்றோர் ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும். அண்மை ஆண்டு அறிவிப்புகளின்படி மொத்தம் 100 மதிப்பெண்ணில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50. இணையவழி வினாடி வினாவுக்கு 10. அறிவியல் கண்காட்சியில் கலந்துகொண்டதற்கு அதிகபட்சம் 10. ஒலிம்பியாட் போன்ற போட்டிகளுக்கு 5, விளையாட்டுக்கு 5, சாரணர் அல்லது என்.சி.சி.க்கு 5. மீதி 15 மதிப்பெண், ஊராட்சிப் பகுதியில் உள்ள பள்ளியில் படிப்பதற்கு மட்டுமே.

அந்த 15 என்ன செய்யும் என்று கணக்குப் போடுங்கள். நகரத்துப் பிள்ளை எட்டாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் 50-தான். ஊராட்சிப் பள்ளியில் 75 விழுக்காடு வாங்கிய பிள்ளைக்கு 37.5. அதோடு 15 சேர்ந்தால் 52.5. மற்றவை சமமாக இருந்தால் கிராமத்துப் பிள்ளைதான் முன்னால் நிற்கும். விடியற்காலையில் வேனில் ஏற்றி, கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் இருக்கும் பள்ளிக்கு அனுப்புகிறார்களே, அவர்களுக்கு இந்த 15 கிடையாது. ஊர்ப் பள்ளியில் படிப்பது குறை என்று நினைக்கிற வீடுகள் இதைக் கவனிப்பதில்லை.

இப்படி ஒரு சலுகை இருந்தும், விண்ணப்பித்தால்தானே பயன்? அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. அப்போது நவரை நெல் வயலில் நிற்கிறது; வீட்டில் யாருக்கும் வேறு நினைப்பில்லை. விண்ணப்பம் முழுக்க இணையத்தில். இடுபொருள் மானியத்துக்கு இ-சேவை மையத்தில் அரை நாள் காத்திருக்கத் தயங்காத அப்பா, பிள்ளையின் விண்ணப்பம் என்றால் 'வாத்தியார் பாத்துக்குவார்' என்று விட்டுவிடுகிறார். வாத்தியார் கையில் அறுபது பிள்ளைகள்.

தேர்வான பிறகும் தடை வருகிறது, அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே. மே மாதம் நவரை அறுவடை முடிந்து சொர்ணவாரிக்கு நாற்று விடும் நேரம். தறி வீடென்றால் கோர்வைச் சேலை. உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் என்பதால் நெய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் அந்தக் கை பெரும்பாலும் பிள்ளையின் கையாகத்தான் இருந்தது. இப்போது பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனாலும் விடுமுறை என்றால் கூப்பிடத் தோன்றுகிறது. பெண் பிள்ளையானால் கேள்வி வேறு மாதிரி: 'வயசுப் பொண்ணை ரெண்டு வாரம் எப்படித் தனியா விடறது?' பயம் நியாயமானதே. கூட வருபவருக்குப் பயணச் செலவு தருவதால் அப்பாவோ தாய்மாமனோ நேரில் போய், தங்குமிடத்தைக் கண்ணால் பார்த்து, பொறுப்பாளரிடம் பேசிவிட்டு வரலாம். பயத்துக்கு மருந்து அதுதான். அனுப்பாமல் இருப்பது அல்ல.

அமெரிக்காவில் ஜூலியன் ஸ்டான்லி என்ற பேராசிரியர் 1971-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் வேலையைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த கோடை வகுப்புகளுக்கு அங்கே பெற்றோர் ஆயிரக்கணக்கான டாலர் கட்டுகிறார்கள். இங்கே கட்டணம் இல்லை. 'முகாமில் இடம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இடம் கிடைக்காத பிள்ளையைத் திட்ட வேண்டாம். அதே ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. ஊரகப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் தருகிறார்கள். நாலு மூட்டை யூரியா விலைகூட இல்லைதான். ஆனால் போட்டித் தேர்வு எழுதிப் பழகுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிராமத்தில் இல்லை.

எட்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீடுகள் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர் என்று எதில் கலந்துகொண்டாலும் சான்றிதழைக் கேட்டு வாங்கி, பட்டா, சிட்டாவோடு சேர்த்து ஒரே பையில் வையுங்கள். பள்ளி ஊராட்சிப் பகுதியில் இருப்பதற்குத் தலைமையாசிரியரிடம் சான்று வாங்க வேண்டியிருக்கும். அறிவிப்பு வந்த வாரமே போய் வாங்கிவிடுங்கள். மார்ச் பிறந்தால் பொதுத்தேர்வு வேலையில் அவரைப் பிடிப்பது கஷ்டம்.