செப்டம்பர் பதினொன்று

1752-ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் அதன் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளிலும் செப்டம்பர் 11 என்று ஒரு நாள் வரவே இல்லை. ஜூலியன் நாட்காட்டியை விட்டு கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிய வருடம் அது. செப்டம்பர் 2 புதன்கிழமை இரவு படுத்தவர்கள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை எழுந்தார்கள். நடுவில் இருந்த பதினொரு தேதிகளைச் சட்டம் எடுத்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் வெகு முன்பே புதிய நாட்காட்டிக்கு மாறியிருந்ததால், நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த புதுச்சேரியில் அந்தத் தேதி வழக்கம்போல் வந்து போனது. அங்கிருந்து கொஞ்ச தூரம் தெற்கே, கடலூர் தேவனாம்பட்டினத்து ஆங்கிலேயர் கோட்டையில் சட்டப்படி அப்படியொரு தேதி கிடையாது. சூரியன் இரண்டு ஊருக்கும் ஒன்றாகத்தான் உதித்தது.

தேதி என்பது நாமே போட்டுக்கொண்ட கணக்கு. ஒரே தேதியில் நாலு பெரிய காரியங்கள் நடந்துவிட்டால் அதில் ஏதோ விதி ஒளிந்திருப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தத் தேதிகளில் நின்று பார்ப்பதை நான் விடவில்லை. தனித்தனியாகத் தெரிகிற மனிதர்களுக்கு நடுவே உண்மையான உறவு இருந்தால், அது அங்கே கண்ணில் படுகிறது.

பாரதியிலிருந்தே தொடங்கலாம். 1921 செப்டம்பர் 11 இரவு, திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு. ஜூலை கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையத்து நூலகத்துக்குப் போய், மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசிவிட்டு வந்தவர், வயிற்றுக் கடுப்பில் துவண்டு படுத்திருக்கிறார். மருந்து வேண்டாம் என்கிறார். காலையில் ஆபீஸுக்குப் போக வேண்டும், ஆப்கானிஸ்தானத்து அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று சொல்கிறார். பரலி சு. நெல்லையப்பரும் சில நண்பர்களும் அன்றிரவு அந்த வீட்டிலேயே தங்குகிறார்கள். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி அளவில் உயிர் பிரிகிறது. வயது 38. சுடுகாடு வரை போனவர்கள் இருபது பேர்கூட இல்லை.

ஆங்கிலக் கணக்கில் அது 12-ஆம் தேதி. மாநகராட்சிப் பதிவேடும் 12 என்றே சொல்கிறது. சூரிய உதயத்தில் நாள் பிறப்பதாகக் கொள்ளும் நம் வழக்கப்படி, ஒன்றரை மணி இன்னும் முந்தின நாளின் இரவுதான். அதனால் 11. நூற்றாண்டு நினைவான 2021-இல் தமிழக அரசு செப்டம்பர் 11-ஐ ‘மகாகவி நாள்’ என்று அறிவித்தது. எது சரி என்ற சண்டைக்கு நான் போவதில்லை. அந்த வீட்டில் விழித்திருந்தவர்களுக்கு அது ஒரே இரவு.

இதே திருவல்லிக்கேணியில் அளசிங்கப் பெருமாள் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். பச்சையப்பன் பள்ளியில் வேலை. மைசூர்ப் பக்கத்து மண்டயம் வைணவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். விவேகானந்தரை அமெரிக்காவுக்கு அனுப்ப வீடு வீடாகப் போய்ப் பணம் கேட்டவர் இவர்தான். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னரும் துணை நின்றார். 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பலேறிய துறவி, செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வமத மகாசபையில் பேச எழுந்தார். பல மதத்தாரும் கூடியிருந்த அந்த அரங்கில் அன்று அவர் சகிப்பைப் பற்றியும் மதவெறியின் முடிவைப் பற்றியும் பேசியது ஐந்து நிமிடத்துக்கு மேல் இராது. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு வாத்தியார் நடந்த நடை இருக்கிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

பாரதி ஆசிரியராக இருந்து நடத்திய ‘இந்தியா’ பத்திரிகையை வெளியிட்டவர்களும் மண்டயம் குடும்பத்தார்தான். பாரதி குருவாக ஏற்றுக்கொண்ட நிவேதிதா, விவேகானந்தரின் சிஷ்யை. ஆக, 1893-இன் செப்டம்பர் 11-க்கும் 1921-இன் செப்டம்பர் 11-க்கும் நடுவே ஆட்கள் நடந்து போன பாதையே இருக்கிறது. இதைத்தான் உறவு என்று சொன்னேன்.

1906-இல் அதே தேதி தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் வருகிறது. டிரான்ஸ்வாலில் இருந்த இந்தியர்கள், எட்டு வயதுக் குழந்தை உட்பட, பெயரைப் பதிந்து கைரேகை வைத்துச் சீட்டு வாங்கி எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வரப்போகிறது. எம்பயர் தியேட்டரில் மூவாயிரம் பேர் கூடுகிறார்கள். இந்தச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று கடவுள்மீது ஆணையிடுவோம் என்கிறார் ஹாஜி ஹபீப். அதைக் கேட்டுக் காந்தி முதலில் திடுக்கிட்டுப் போகிறார். தீர்மானம் போடுவது வேறு, சத்தியம் செய்வது வேறு என்று அவருக்குத் தெரியும். எழுந்து, சிறை, அடி, சொத்து இழப்பு, சாவு என்று வரக்கூடியதையெல்லாம் எடுத்துச் சொல்லி, அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள் என்கிறார். கூட்டம் எழுந்து நின்று கையுயர்த்தி ஆணையிடுகிறது. மறுநாளே அந்தத் தியேட்டர் தீப்பிடித்து எரிந்துபோனதாகக் காந்தியே எழுதியிருக்கிறார். ஆணை எரியவில்லை. அந்தப் போராட்டம் வளர்ந்துதான் தில்லையாடி வள்ளியம்மையைச் சிறைக்கு அழைத்துப் போனது. 1914 பிப்ரவரி 22 அன்று அந்தப் பெண் இறந்தாள். அவள் பிறந்ததும் 1898-இல் ஒரு பிப்ரவரி 22 அன்றுதான்.

அந்த ஆணையில் முளைத்த சத்தியாக்கிரகத்தின் வழியில், 1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்துக்கு முதல் ஆளாகக் காந்தி தேர்ந்தெடுத்த வினோபா பாவே, 1895 செப்டம்பர் 11 அன்று பிறந்தவர்.

இவ்வளவு இருந்தும், உலகத்தின் காதில் இந்தத் தேதி விழுந்தால் நினைவுக்கு வருவது 2001-இல் தாக்கப்பட்ட நியூயார்க் கோபுரங்கள்தான். அதில் தவறில்லை. அந்த ஒரே காலையில் நடந்த தாக்குதல்களில் மொத்தம் 2,977 பேர் செத்தார்கள். கோபுரங்கள் நின்ற இடத்தில் இப்போது இரண்டு பெரிய நீர்த்தொட்டிகள் இருக்கின்றன. அவற்றின் விளிம்பில் வெண்கலத் தகட்டில் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். இறந்தவர் ஒருவரின் பிறந்தநாள் வந்தால் அவர் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைக்கிறார்கள். மொத்தமாகப் போனவர்களை ஒவ்வொருவராகத் திரும்ப எண்ணும் இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

சிலிக்காரர்களுக்கு அதே தேதி 1973. அதிபர் மாளிகைமீது சொந்த நாட்டு விமானப்படையே குண்டு போட்டது. அதிபர் அய்யெந்தே வானொலியில் மக்களிடம் விடைபெற்றுக்கொண்டு உள்ளேயே மாண்டார். அதிகாரத்தைக் கைப்பற்றிய ராணுவத் தளபதி பினோசெட்டின் ஆட்சி அந்த நாளை அரசு விடுமுறையாக்கியது. சாண்டியாகோவில் ஒரு பெரிய சாலைக்கு ‘செப்டம்பர் 11’ என்று பெயர் வைத்தது. விடுமுறை 1998-இல் ஒழிந்தது, சாலையின் பெயர் 2013-இல்தான் மாறியது. பறிகொடுத்தவர்கள் அதுவரை அந்தப் பெயர்ப்பலகையின் கீழேதான் நடந்துபோக வேண்டியிருந்தது.

ஒரு கலைஞர் இந்தத் தேதியைக் கையாண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். விவேகானந்தர் பேசிய கட்டடம் இன்று சிகாகோவின் கலைக்கூடம். 2010 செப்டம்பர் 11 அன்று மும்பை ஓவியர் ஜிதிஷ் கல்லாட், அதன் மாடிப்படிகளின் செங்குத்துப் பக்கங்களில் அந்த 1893 உரையை விளக்கு எழுத்துகளாகப் பதித்தார். எழுத்துகளுக்கு அவர் தேர்ந்த நிறங்கள் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம், பச்சை. 2001-க்குப் பிறகு பயங்கரவாத ஆபத்தின் அளவைச் சொல்ல அமெரிக்க அரசு வகுத்த அதே ஐந்து நிறங்கள். படியேறியவன் ஒவ்வொரு அடியிலும் இரண்டு செப்டம்பர் பதினொன்றையும் சேர்த்துப் படித்தான்.

நம் மாநிலத்தில் இந்தத் தேதிக்கு இன்னொரு முகம் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையில்லை. 1957-இல், சாதி மோதலைத் தீர்க்க முதுகுளத்தூரில் நடந்த சமாதானக் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசிய மறுநாள், செப்டம்பர் 11 இரவு, பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர், தீண்டாமையை எதிர்த்து ஊர் ஊராகப் போனவர், வயது 32. 2011-இல் அதே தேதியில், அவர் நினைவுநாளுக்கு மக்கள் கூடிய பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மறுபடி உயிர்கள் போயின. சென்னையில் மகாகவி நாளுக்கு மாலை போடும் அதே நேரத்தில் அங்கே வேறொரு கூட்டம் மாலையோடு நிற்கிறது. பாரதியை மதிக்கிறவன் அந்தக் கூட்டத்துக்கு அந்நியனாக இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் பள்ளியில் வரலாறு நடத்தியவன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் குறள், பழமொழி, பொது அறிவு முடிந்ததும் ‘வரலாற்றில் இன்று’ வரும். ஒரு மாணவி துண்டுச்சீட்டைப் பிடித்துக்கொண்டு, பிறந்தார், மறைந்தார், தாக்கப்பட்டது, திறக்கப்பட்டது என்று ஒரே குரலில், மூச்சுவிடாமல் படித்து முடிப்பாள். தப்பில்லாமல் படித்துவிட வேண்டுமே என்ற பயம் அவள் குரலில் இருக்கும். வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் ஒரு பெயர்கூடத் தங்காது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற செப்டம்பர் 11 அன்று அத்தனை வரிகளையும் படிக்கச் சொல்லாதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்துப் பத்து நிமிடம் சொல்லுங்கள். தில்லையாடிப் பக்கத்துப் பள்ளி என்றால் ஜோகன்னஸ்பர்க் தியேட்டரையும் வள்ளியம்மையையும் சொல்லுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் என்றால் இம்மானுவேல் சேகரனைத் தயங்காமல் சொல்லுங்கள். திருவல்லிக்கேணி என்றால் பிள்ளைகளை நடத்தியே கூட்டிக்கொண்டு போகலாம். பாரதி கடைசியாகப் படுத்திருந்த அந்த வீடு, பாரதியார் இல்லம் என்ற பெயரில் இன்று அரசு நினைவில்லமாக இருக்கிறது.