பாகு நமக்காக நிக்காது

விருத்தாசலத்தில் ஐப்பசியிலேயே கார்த்திகை தொடங்கிவிடுகிறது. செராமிக் கூடங்களில் அகல் விளக்குகள் பலகை பலகையாகக் காய்கின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு கிடைக்கும் களிமண் பக்கத்திலேயே இருப்பது இந்தத் தொழிலுக்குப் பெரிய பலம். செராமிக் தொழில்நுட்பம் கற்றுத்தர அரசுப் பயிலகமும் இங்கே உண்டு. பொம்மை, குவளை, மின்கம்பத்துப் பீங்கான் என்று எத்தனையோ செய்யும் ஊர்தான், ஆனாலும் தீபம் நெருங்கினால் அகலுக்கே முதலிடம்.

அப்படியொரு கூடத்தில், அச்சிலிருந்து எடுத்த அகல்களின் பிசிறைப் பிளேடால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்க்கத்தான் போயிருந்தேன். தீபத்துக்குத் தெரு முழுக்கப் பொரி உருண்டை பிடித்துக் கொடுப்பவர் அவர். வேலை முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப் போனார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் நெல்பொரியில் ஒட்டியிருந்த உமியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பாலும் நெய்யும் முட்டையும் சேராத இனிப்பைத் தேடுகிறவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். நகரத்து பேக்கரிகளில் ‘வீகன்’ கேக்குக்குத் தனி அலமாரியே இருக்கிறது. பொரி உருண்டை, எள்ளுருண்டை, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எல்லாமே அடிப்படையில் அந்த வகைதான். விருத்தாசலத்துக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. நிலக்கடலையும் முந்திரியும் சுற்றுவட்டாரத்திலேயே விளைகின்றன. இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் வி.ஆர்.ஐ. என்ற ஊர்ப் பெயரோடுதான் வயலுக்குப் போகின்றன.

அக்கா கறுத்த வெல்லத்தைத்தான் வாங்குகிறார். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தை நம்புவதில்லை. வெல்லம் முங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டினார். துணியில் மண்ணும் கரும்புச் சக்கையும் தங்கின. மறுபடி அடுப்பேற்றியதும் பேச்சை நிறுத்திவிட்டார். நுரை பெரிதாகப் பொங்கி, பிறகு சிறுத்து, நிறம் கறுக்கத் தொடங்கியபோது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டார். கரையாமல் நின்றதை விரலால் திரட்டித் தட்டில் போட்டார். ‘டங்’கென்றது.

“இதுக்கு மேல போனா பல்லு உடையும், தம்பி. இதுக்கு முன்னால எறக்கினா நாளைக்கே பொலபொலன்னு கொட்டிடும்.”

ஏலக்காய், சுக்கு, வெறும் வாணலியில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை எல்லாம் பொரியில் கலந்து தயாராக இருந்தன. பாகை ஊற்றிக் கிளறியதும் மூவரும் அரிசி மாவைக் கையில் தொட்டுக்கொண்டு பிடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் லேசாகக் கூட்டி, அப்புறம்தான் அழுத்த வேண்டும். எடுத்ததுமே அழுத்தினால் பொரி நொறுங்கிவிடும். நானும் ஒன்று பிடித்தேன், சூடு தாங்கவில்லை. அவர்கள் உள்ளங்கைகளும் சிவந்துதான் இருந்தன. “பாகு நமக்காக நிக்காது,” என்றார் அக்கா, கை ஓயாமல்.

முதல் தூக்கு சூளைக்குப் போனது. பற்றவைத்த சூளையைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. இரவெல்லாம் அங்கே இருப்பவர்களுக்கு அது. பிறகுதான் தெரு. எந்த வீட்டிலிருந்தும் தட்டு வெறுமையாகத் திரும்பவில்லை. ஒரு வீட்டிலிருந்து வாழைப்பழம் வந்தது, இன்னொன்றிலிருந்து அப்பம்.

கேட்பவர்களுக்கு விலைக்கும் செய்து தருகிறார். சிலர் நெய் ஊற்றிப் பிடித்தால் கூடுதல் காசு தருவதாகச் சொல்கிறார்களாம். அவர் ஒப்புவதில்லை. அவர் செய்வதுதான் சரி. சுக்கும் வெல்லமும் பொரியும் சேர்ந்த அந்த வாசனையை நெய் அமுக்கிவிடும். எனக்கு வருத்தம் வேறு. வெல்லத்துக்கும் பொரிக்கும் கணக்குப் பார்க்கிறவர், மூன்று பெண்களின் கை வேலைக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்ப்பதில்லை.

இந்தக் கார்த்திகைக்கு அகல் வாங்கும்போது, உங்கள் ஊரில் உருண்டை பிடிக்கிற பெண்களையும் விசாரித்து வாங்குங்கள். அவர்கள் சொல்லும் விலையோடு கைக்கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.