கணக்கில் மிஞ்சிய தோல்

இருவர் சேர்ந்து ஒரு கதை எழுதுவது நம்மிடையே அபூர்வம். இரட்டைப் புலவர்களில் ஒருவர் கண் தெரியாதவர், மற்றவர் கால் முடங்கியவர். வெண்பாவின் முன்பாதியை ஒருவர் சொல்லப் பின்பாதியை மற்றவர் முடித்தார் என்று படித்திருக்கிறோம். நவீனப் படைப்பு மட்டும் தனிமனிதப் பிரக்ஞையின் காரியம் என்று தீர்மானித்துவிட்டோம். கூட்டாக எழுதுவதை நாடகக் கம்பெனிக்கும் சினிமாவுக்கும் விட்டோம். அதிலும் பேய்க்கதை என்றால் கேட்கவே வேண்டாம். புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’ எழுதியும் பேய்க்கு இலக்கிய அந்தஸ்து வந்துவிடவில்லை.

நானும், ஆம்பூரில் ஒரு டேனரியில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவரும் சேர்ந்து ஒரு பேய்க்கதை எழுதினோம். அதன் தரத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதன்மேல் மற்றவர்கள் செய்த விமர்சனத்தைப் பற்றியும், நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் செய்துகொண்டதைப் பற்றியும் சில விஷயங்கள் சொல்லவேண்டும்.

கதை இவ்வளவுதான். பச்சைத்தோல் கிடங்கு. உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோல்களை இரவுக் காவலாள் எண்ணுகிறான். புத்தகத்தில் உள்ளதைவிட ஒன்று கூடுதலாக இருக்கிறது. விடிந்து மேஸ்திரி எண்ணினால் சரியாக இருக்கிறது. அடுத்த இரவும் ஒன்று கூடுகிறது.

கரு நண்பருடையது. ஆனால் அதிலுள்ள பயம் வங்கியில் பணம் எண்ணுகிற எனக்கு உடனே புரிந்தது. மாலையில் ரொக்கம் சரிபார்க்கும்போது குறைந்தால் கையிலிருந்து கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கூடினால் அது நடக்காது. யாருடைய பணம், அவர் எப்போது வந்து நிற்பார் என்று தெரியாது. தனிக் கணக்கில் வைத்துக் காத்திருக்கவேண்டும். குறைவு நஷ்டம்; மிகுதி பயம்.

வேலூரில் ஒரு வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் முன்னிலையில் கதையைப் படித்தோம். விமர்சனம் ஆக்கபூர்வமாக இருக்கவேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டார்கள். ஆக்கபூர்வம் என்றால் எதையாவது சேர்ப்பது என்று எல்லோரும் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். மிஞ்சிய தோல் காவலாளின் இறந்துபோன மனைவியின் ஆவி சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்றார் ஒருவர். மற்றொருவர் 1806இல் வேலூர்க் கோட்டையில் மடிந்த சிப்பாய்களை ஆம்பூர் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தார். மார்க்ஸியம் படித்தவர் அது உபரி மதிப்பின் குறியீடு என்று கண்டுபிடித்தார். மனோதத்துவம் படித்தவர் காவலாளுக்குச் சித்தபேதம் என்று முடித்தார். பேயிடம் எல்லோரும் வேலைக்குச் சேர்ந்த தேதியைக் கேட்டார்கள்.

தோல் தரம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பாய் மட்டும் கடைசிவரை பேசாமலிருந்தார். ஆம்பூர், வாணியம்பாடி முஷாயிராக்களில் வளர்ந்தவர். உருதுக் கவிதையில் உஸ்தாத் சீடனின் வரியைத் திருத்திக் கொடுப்பதை இஸ்லாஹ் என்பார்கள். காலிப் தபாலிலேயே ஹர்கோபால் தஃப்தா போன்ற சீடர்களுக்குத் திருத்தம் எழுதி அனுப்பியவர். பாய் அந்த மரபுக்காரர். எல்லோரும் எழுந்த பிறகு சொன்னார்: “இருட்டுல கண்ணால எண்ணமாட்டான் தம்பி. அடுக்கு ஓரத்தை வெரலால தொட்டுத் தொட்டு எண்ணுவான்.”

ஒரே வார்த்தை. ‘தொட்டு’. அதைச் சேர்த்ததும் மிஞ்சிய தோல் காவலாளின் விரல் நுனிக்கு வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று பாய் கேட்கவில்லை. எண்ணுகிற விதம் தெரிந்தாகவேண்டும். எண்ணிக்கை ஏன் கூடியது என்பது தெரியவேண்டியதில்லை. பேய்க்கதை விமர்சனத்துக்கு இந்த இரண்டின் வித்தியாசம்தான் அஸ்திவாரம் என்று நினைக்கிறேன். உப்பு, பாரம், நாற்றம், கூலி இவற்றில் எழுதுகிறவனை ஈவிரக்கமில்லாமல் திருத்தலாம். காரணத்தைக் கொண்டுவந்து நிரப்பினால் கதை பைசலாகிவிடும். பைசலான கணக்கில் பயம் ஏது?

மேல்நாட்டிலிருந்து ஒரு சாட்சியம். 1816இல் ஜெனிவா ஏரிக்கரையில் பைரன் வைத்த பேய்க்கதைப் போட்டியில் பிறந்தது மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. கைப்பிரதியில் கணவர் ஷெல்லியின் கை நிறைய விழுந்திருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டி 2008இல் பதிப்பித்த சார்லஸ் ராபின்ஸன், குறைந்தது 4000லிருந்து 5000 சொற்கள் அவருடையவை என்கிறார். இடறிய வாக்கியங்கள் பல சரியாயின, உண்மைதான். ஆனால் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். மேரியின் பிரதியில், அலைகள் கொண்டுபோன பிராணியை இருட்டிலும் தொலைவிலும் கதைசொல்லி பார்வையிலிருந்து இழக்கிறான். அச்சில் பிராணியே இருட்டிலும் தொலைவிலும் மறைந்துபோகிறது. முன்னதில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கண் இருக்கிறது. அது இனி பார்க்கவில்லை, அவ்வளவே. பிராணி எங்கோ இருக்கக்கூடும். பின்னதில் காரியம் முடிந்தது. வாக்கியம் கச்சிதமாகிவிட்டது, பயம்தான் குறைந்துவிட்டது. அன்புள்ள, கெட்டிக்கார விமர்சகனும் செய்யக்கூடிய காரியம் இது.

எனக்கும் நண்பருக்கும் நிஜமான சண்டை இதற்கப்புறம்தான் வந்தது. 2015 ஜனவரி 31ஆம் தேதி விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கசடு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மிஞ்சிய தோலைத் தொடும்போது காவலாளின் விரலில் அந்தச் சேறு ஒட்டவேண்டும் என்றார் நண்பர். நான் ஒப்பவில்லை. அந்தச் சாவுக்குக் காரணம் இருக்கிறது: தொட்டி, சுவர், அதைக் கட்டியவர்கள், கண்காணிக்க வேண்டியவர்கள். அங்கே பேயைக் கொண்டுவந்தால் பொறுப்பாளிகள் தப்பித்துக்கொள்வார்கள். மர்மம் உள்ள இடத்தில் விளக்கம் எப்படிப் பொய்யோ, குற்றம் உள்ள இடத்தில் மர்மமும் அப்படியே பொய்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்தப் பசங்க பேய்க்கதையிலகூட வரக்கூடாதுங்கறீங்களா சார்?” என்றார்.

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. என் வாதத்தை நான் இன்னும் விடவில்லை. அவர் கேள்வியும் என்னை விடவில்லை. கடைசியில் அவர் சேற்றை எடுத்துவிட்டார். பதிலுக்கு என் முடிவை வெட்டச் சொன்னார். காவலாள் சாவியைப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போவதாக முடித்திருந்தேன். “வேலையை விட்டா சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவான்? நாளைக்கும் எண்ணித்தான் ஆகணும்.” அந்த முடிவின்மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு. ஆனால் கதை இருவருடையது. வெட்டினோம். இப்போது அவன் மறுபடியும் உள்ளே போய் முதல் அடுக்கைத் தொடுவதோடு நிற்கிறது. ராணிப்பேட்டையைப் பற்றி நண்பர் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறார், பேய் இல்லாமல்.

நம்மிடம் விமர்சகனுக்கென்று ஒரு பழங்கதை உண்டு. வேதாளம் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தும் விக்கிரமாதித்தன் வாய் திறக்காவிட்டால் தலை சிதறும். திறந்தால் வேதாளம் முருங்கைமரம் ஏறிவிடும். சாமர்த்தியமான ஒவ்வொரு பதிலுக்கும் அவன் மரத்தடிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கடைசிக் கேள்விக்குத்தான் அவனுக்கு உண்மையிலேயே பதில் தெரியவில்லை. பேசாமல் நடந்தான். சுமை தோளிலேயே இருந்தது.