பச்சை கட்டுதல்

பூஞ்சைக்கொல்லி என்ற வார்த்தையை அப்படியே நம்புகிறவர்கள் மொழியை அளவுக்கு மீறி நம்புகிறவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எதைக் கொல்லும் என்று அது சொல்கிறது. எதைக் கொல்லாமல் குறுக்கிப்போடும் என்பதைச் சொல்வதில்லை.

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே, கம்பெனி மதில்களுக்கிடையில் அகப்பட்டுக்கொண்ட மாதிரி சில வயல்கள் இன்னும் இருக்கின்றன. ஒன்று என் அண்ணனுடையது. சம்பாவில் இலையுறைக் கருகல் கண்டால் ஹெக்ஸகோனசோல் அடிப்பார். மருந்துக்கடைக்காரர் கூடுதலாக ஒரு லாபமும் சொல்லி விற்கிறார்: "பயிர் நல்லா பச்சை கட்டும்." கட்டத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பச்சை வருகிற வழி விசித்திரமானது. டிரையசோல் வகை மருந்துகள் பூஞ்சையின் உடலில் ஸ்டெரால் உண்டாவதைத் தடுக்கின்றன. செடியில் ஜிப்ரெலின் என்ற வளர்ச்சிப் பொருள் உண்டாவதிலும் அதே ஜாதி நொதி ஒன்றுக்கு வேலை இருக்கிறது. மருந்து அதன்மீதும் கைவைக்கிறது. செடி நீளாமல் குறுகுகிறது, நிறம் அடர்கிறது. மாமரத்தின் வளர்ச்சியை அடக்கிப் பூக்கவைக்க வேரடியில் ஊற்றுகிறார்களே பாக்லோபியூட்ரசால், அதுவும் இந்தக் குடும்பம்தான்.

நெல் இதைத் தாங்கிக்கொள்ளும். வயலின் வடிகால் தண்ணீரில் மிதக்கும் லெம்னாவுக்கு வளர்ச்சியைத் தவிர வேறு வாழ்க்கை கிடையாது. சின்னஞ்சிறு இலை, கீழே நூல் போல ஒற்றை வேர். பூப்பது அபூர்வம். ஓரத்திலிருந்து மகள் இலை முளைத்துப் பிரிந்து போவதுதான் அதன் சரித்திரம் பூராவும். 2006இல் ஓஇசிடி அமைப்பு வகுத்த ஒரு சோதனைமுறை இதை வைத்து நடக்கிறது. ஏழு நாள். நஞ்சில்லாத ஜாடியில் இரண்டரை நாளுக்குள் இலைகள் இரட்டிக்க வேண்டும். முடிவில் சுமார் ஏழு மடங்கு. மருந்து கலந்த ஜாடியில் எத்தனை குறைந்தன என்று எண்ணுகிறார்கள். செத்ததை அல்ல, பிறக்காமல் போனதை எண்ணுகிற கணக்கு. (நம் விமர்சகர்களிடம் இப்படி ஒரு ஜாடி இருந்தால் தேவலை.)

ஏரியில் ஜாடி இல்லை. சாக்கடையைத் தின்று கரைமுட்டப் படர்ந்த வெங்காயத்தாமரை கண்ணில் படுகிறது, பத்திரிகையில் படம் வருகிறது, தொழிற்சாலைகளைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். முளைக்காத லெம்னாவை யாரும் படம் எடுக்க முடியாது.

அண்ணனிடம் சொன்னேன். "பாசி வராட்டி நல்லதுதானேடா" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. லெம்னாவைத் தின்னும் மீனும் வாத்தும் அவர் வரவுசெலவில் இல்லை. ஒரு போகம் கருகினால் நிலத்தரகர் வாசலில் வந்து நிற்பார். மருந்தை நிறுத்தச் சொல்வது வயலையே நிறுத்தச் சொல்வதாகிவிடலாம். அதற்கப்புறம் அங்கேயும் மதில்தான். ஆகவே ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: அடித்த பிறகு சில நாள் வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட வேண்டாம், வயலிலேயே நிற்கட்டும்.

சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஐப்பசியில மழை புடிச்சிக்கினா?" என்று கேட்டார்.